பெயரில் மட்டும் விரியன்

நரம்பு முனைகளை உயிரோடு வைத்திருக்க எனக்கு நான்கு மணி நேரம்தான் கிடைக்கும். எலியின் மூளையைப் பனிக்கட்டிமேல் வைத்த சர்க்கரைக் கரைசலில் மெல்ல அரைத்தால், நரம்புகளின் நுனிகள் கிள்ளியெடுத்தது போல அறுந்து, அறுந்த இடத்தில் தாமாகவே வாயை மூடிக்கொள்ளும். அந்தச் சிறு பைகள் தலையும் உடலும் இல்லாமலே கொஞ்ச நேரம் சுவாசிக்கும். தூண்டினால் குளூட்டமேட் என்ற ரசாயனத்தை வெளியே விடும். மூளையில் ஒரு நரம்பு அடுத்த நரம்பிடம் சேதி சொல்வது இப்படிப்பட்ட ரசாயனங்களால்தான். நான் அந்தப் பைகள்மேல் கட்டுவிரியன் பாம்பின் விஷத்திலிருந்து பிரித்த ஒரு புரதத்தை விட்டு, வெளியேறும் குளூட்டமேட் எப்படி மாறுகிறது என்று கருவியில் பார்ப்பேன். தொடங்கிவிட்டால் நடுவில் நிறுத்த முடியாது. நிறுத்தினால் அன்றைய எலி வீண்.

அடையாறில் உள்ள ஒரு ஆய்வுக்கூடத்தில் இது எனக்கு நான்காம் வருடம். நோட்டின் முதல் பக்கத்தில், சேர்ந்த வாரத்தில் எழுதிய பட்டியல் ஒன்று இருக்கிறது. ஒரு வகைச் சிலந்தியின் விஷம், நரம்பு முனையில் இருப்பதையெல்லாம் ஒரேயடியாகக் கொட்டவைத்துக் காலியாக்கிவிடும். கூம்பு நத்தையின் விஷம் கால்சியம் நுழையும் வழியை அடைக்கும், அதனால் எதுவுமே வெளியே வராது. தேளின் விஷம் நரம்பை ஓயவிடாது. கட்டுவிரியன் விஷத்துக்கு மட்டும் மூன்று கட்டங்கள் எழுதியிருக்கிறேன். தசையைத் தொடும் நரம்பு முனையில் அது முதலில் வெளியேற்றத்தைச் சற்றுக் குறைக்கும், பிறகு கூட்டும், கடைசியில் அறவே நிறுத்திவிடும். மூளையிலிருந்து எடுத்த முனைகளிலும் இப்படித்தானா என்பதே என் ஆய்வு.

அந்தக் கூடத்தில் கண்ணாடிப் பாத்திரங்களைக் கழுவுபவர் ஒரு அக்கா. முன்பு ஆற்றங்கரையில், பாலத்தின் பக்கத்திலேயே வீடு. நடந்து வந்துவிடுவார். அந்த வீடுகளை எடுத்துவிட்டு ஊருக்கு வெளியே, சதுப்பை ஒட்டி நிற்கும் அடுக்குக் கட்டடத்தில் தரைத்தள வீடு ஒன்று கொடுத்தார்கள். இப்போது இரண்டு பஸ் மாறி எட்டு மணிக்கு முன்னால் வந்து நிற்பார். என் வேலையின்மேல் அவருக்குப் பெரிய மரியாதை ஒன்றும் கிடையாது.

"இன்னா பாப்பா, இன்னிக்கும் எலி மூள சட்னியா?" என்பார்.

"ஆமாக்கா."

"நாலு வருசமா அரைக்கிற. இன்னும் பதம் வரல."

அந்தச் செவ்வாய்க்கிழமை அவர் அப்படி எதுவும் கேட்கவில்லை. நான் எட்டு பத்துக்கு விஷத்தை விட்டு, கருவியின் முன்னால் உட்கார்ந்திருந்தேன். எட்டு பதினைந்துக்கு அவர் கதவருகே வந்து நின்றார். நேரம் எனக்குத் துல்லியமாகத் தெரியும். கருவியின் திரையில் ஓரமாக ஓடிக்கொண்டிருந்தது.

"பாப்பா, கண்ண தொறக்கவே முடியல. இமை ரெண்டும் கல்லு கட்டி தொங்கவுட்ட மாதிரி கீது."

"தூங்கலையாக்கா?"

"எங்க தூங்கறது? விடிகாலைலேந்து வயித்த பெசஞ்சிகினே இருந்துது. ஓமத்தண்ணி குடிச்சிட்டு பஸ் ஏறிட்டேன்."

"மூஞ்சி கழுவிட்டு உக்காருங்க. டீ வாங்கிக் குடிங்க. நான் இத முடிச்சிட்டு வரேன்."

எட்டரைக்கு மறுபடி வந்தார். சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"நீ ரெண்டா தெர்ற பாப்பா."

நான் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. கோடு ஏற ஆரம்பித்திருந்தது. இத்தனை அழகாக அது ஏறி நான் பார்த்ததில்லை. "ரெண்டு பேரா இருந்தா வேலை சீக்கிரம் முடியுமேக்கா" என்று சொன்னேன். சொல்லிவிட்டுச் சிரிக்கவும் செய்தேன்.

எட்டு ஐம்பத்தைந்துக்குக் கருவியின் ஓட்டம் முடிந்தது. கோப்பைச் சேமித்து, நகல் எடுத்து, தேதி எழுதிவிட்டுத் திரும்பினேன். அக்கா ஸ்டூலில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தார். ஒரு வாய் உறிஞ்சினார். அது மூக்கு வழியாக வெளியே வந்தது.

கட்டுவிரியன் கடியின் அறிகுறிகளை என் ஆய்வு முன்மொழிவின் இரண்டாம் பக்கத்தில் நானே எழுதியிருக்கிறேன். பெரும்பாலும் தரையில் படுத்துத் தூங்குபவர்களுக்கு நேரும். கடித்ததே தெரியாது. விடியும்போது வயிற்று வலி வரும். பிறகு இமை தொங்கும், பார்வை இரட்டையாகும், விழுங்க முடியாது, கடைசியில் மூச்சு நிற்கும். ஐந்தாவது மட்டும்தான் பாக்கி. முதல் மூன்றையும் அவரே என்னிடம் வந்து சொல்லியிருந்தார், நான்காவதை இப்போது கண்ணால் பார்த்தேன்.

"அக்கா, ராத்திரி கீழயா படுத்தீங்க?"

"பின்ன, மேலயா? மாடியா கட்டி வச்சிகீறேன்?" குரல் மூக்கால் வந்தது.

"ஏதாவது கடிச்சுதா?"

"முழங்கைல எறும்பு கடிச்சா மாரி இருந்துது. தட்டிவுட்டு திரும்பி படுத்தேன்."

முழங்கையைப் பார்த்தேன். ஒன்றுமே இல்லை. ஆட்டோவில் ஏற்றும்போதே அவருடைய கணவருக்குப் போன் செய்து, பாயையும் துணிமூட்டையையும் கம்பால் தள்ளிப் பார்க்கச் சொன்னேன். "கையால தூக்காதீங்க" என்று மூன்று தடவை சொன்னேன். ஆட்டோ மத்திய கைலாஷ் சிக்னலில் நின்றது. பச்சை விழும்வரை என் கால் தன்னால் தரையை உதைத்துக்கொண்டே இருந்தது. அக்கா என் தோளில் சாய்ந்து, "சும்மா இருடி, தூக்கம் வருது" என்றார். அதுவரை அவர் என்னை 'டி' போட்டுப் பேசியதில்லை.

ஆஸ்பத்திரியின் அவசரப் பிரிவில் அன்று சாலை விபத்தில் அடிபட்டவர்கள் மூவர் இருந்தார்கள். பணியில் இருந்த டாக்டருக்கு என் வயதுதான் இருக்கும். சட்டையில் யாருடைய ரத்தமோ இருந்தது. பாம்பாக இருக்கலாம் என்று நான் சொல்லிக்கொண்டிருக்கும்போதே கணவரின் போன் வந்தது. ஸ்பீக்கரில் போட்டேன்.

"அடிச்சிட்டேன்மா! கேஸ் சிலிண்டர் பின்னால சுருட்டிகினு இருந்துது. வீரியன்மா, வீரியன்!"

டாக்டர் தலையாட்டி, தாளில் எழுதினார். அவரும் கட்டுவிரியன் என்றே எழுதுகிறார் என்று நினைத்துக்கொண்டேன். அக்காவின் கையிலிருந்து ரத்தம் எடுத்து ஒரு கண்ணாடிக் குழாயில் விட்டு, மேஜைமேல் நிறுத்தினார். "இருபது நிமிஷம். ஆட்டாதீங்க. உறையலைன்னா விஷம் ஏறியிருக்குன்னு அர்த்தம்" என்று சொல்லிவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போனார்.

இதை எழுதும்போதுகூட என்னால் நாற்காலியில் ஒழுங்காக உட்கார முடியவில்லை. நான் பரிசோதனைகளை நம்பும் ஆள். ஒரு குழாயும் ஒரு கடிகாரமும் இருந்தால் என் மனம் அடங்கிவிடும். அந்தக் குழாயைப் பார்த்துக்கொண்டு நின்றேன். கூடவே, எதற்கோ எப்போதோ படித்தது நினைவுக்கு வந்து, அக்காவை ஒரே மூச்சில் எண்ணச் சொன்னேன். மூச்சை இழுத்துக்கொண்டு, நடுவில் மூச்சு வாங்காமல் எவ்வளவு தூரம் போகமுடிகிறது என்று பார்க்க வேண்டும். நெஞ்சுத் தசை சோர்வது அதில் தெரிந்துவிடும்.

"இன்னாத்துக்கு?"

"சும்மா எண்ணுங்கக்கா."

"ஒன்னாப்பு டீச்சரா நீ?" என்று சொல்லிவிட்டு எண்ணினார். இருபத்தொன்று வரை போனது. போனில் நேரத்தோடு குறித்துக்கொண்டேன். ஏழு நிமிடம் கழித்துப் பதினெட்டு. அடுத்த முறை பதினான்கு.

இருபது நிமிடம் முடிந்ததும் டாக்டர் வந்து குழாயைச் சாய்த்துப் பார்த்தார். ரத்தம் கெட்டியாக ஒட்டிக்கொண்டு நின்றது.

"நல்லா உறைஞ்சிருக்கு, பாருங்க. விஷம் ஏறல. சாயங்காலம் வரைக்கும் வச்சிருந்து அனுப்பிடலாம்."

ஒரு கணம் எனக்கு நிம்மதியாகக்கூட இருந்தது. பிறகு கையிலிருந்த மூன்று எண்களைப் பார்த்தேன்.

"சார், என்ன பாம்புன்னு எழுதியிருக்கீங்க?"

"அவரே சொன்னாரே, விரியன்னு. வைப்பர்."

அந்தத் தாளை எட்டிப் பார்த்தேன். அப்படித்தான் எழுதியிருந்தது. தமிழில் கண்ணாடி விரியன், சுருட்டை விரியன், கட்டுவிரியன் மூன்றுக்கும் ஒரே குடும்பப் பெயர். முதல் இரண்டும் நிஜமாகவே அந்தக் குடும்பம். ரத்தத்தை உறையவிடாமல் கெடுப்பவை. கட்டுவிரியன் நல்லபாம்புக்கு உறவு. அது ரத்தத்தைத் தொடாது, நரம்பு முனைகளைத்தான் மூடும். அது கடித்தவரின் ரத்தம் குழாயில் அழகாக உறையும். வீட்டில் அடித்தவர் சொன்ன பெயரில் பிழையில்லை. அதை இங்கிலீஷில் எழுதியபோது பாம்பு மாறிவிட்டது.

அக்காவின் பக்கத்து வீட்டுப் பெண்ணின் போனிலிருந்து, அடித்த பாம்பின் படம் வந்து சேர்ந்தது. கறுப்பு உடம்பு, மெல்லிய வெள்ளைக் கோடுகள் இரண்டிரண்டாக.

"சார், இது பேருல மட்டும்தான் விரியன். இவங்களால முதல்ல இருபத்தொன்னு வரைக்கும் எண்ண முடிஞ்சுது. இப்ப பதினாலு."

அவர் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தார். பிறகு அக்காவின் கன்னத்தைத் தட்டி, "அம்மா, எண்ணுங்க" என்றார். அக்கா ஒன்பதில் நின்றார். அதற்குப் பிறகு அந்த டாக்டர் நடந்து நான் பார்க்கவில்லை, ஓடினார். விஷமுறிவு மருந்து பத்துக் குப்பி கலந்து ஏற்றினார்கள். மதியத்துக்குள் அக்காவின் தொண்டைக்குள் குழாய் போய்விட்டது.

கணவர் வந்து சேர்ந்ததும் டாக்டர் அவரிடம், "கட்டுவிரியன்னு முழுசா சொல்லியிருக்கலாம்ல?" என்றார்.

"வீரியன்னா வீரியன்தான சார்? அத்தோட இனிஷியல் எனக்கு இன்னா தெரியும்?"

எனக்குத் தெரிந்திருந்த ஒரு விஷயத்தை அவர்கள் இருவரிடமும் சொல்லவில்லை. விஷமுறிவு மருந்து ரத்தத்தில் ஓடும் விஷத்தைத்தான் பிடிக்கும். நரம்பு முனைக்குள் நுழைந்துவிட்ட விஷத்தை அதனால் தொட முடியாது. அந்த முனை அழிந்து, புதிதாக வளர்ந்தாக வேண்டும். அதுவரை இயந்திரம்தான் மூச்சு விட வேண்டும். அதனால் ஒவ்வொரு நிமிடமும் கணக்கு. எட்டு பதினைந்திலிருந்து எட்டு ஐம்பத்தைந்து வரை நாற்பது நிமிடம். அந்த நாற்பது நிமிடத்தில் நரம்பு முனைகளுக்கு என்ன ஆகும் என்பது என் திரையில் கோடாக ஓடியது. அதையேதான் நான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

மறுநாள் தீவிர சிகிச்சைப் பிரிவில் அக்காவின் இமைகளைத் திறந்து டார்ச் அடித்தார்கள். கண்மணி சுருங்கவில்லை. கை, கால், புருவம் எதுவும் அசையவில்லை. "ரெஸ்பான்ஸ் இல்ல" என்று யாரோ யாரிடமோ சொன்னது கணவர் காதில் விழுந்துவிட்டது. வெளியே வந்து படிக்கட்டில் உட்கார்ந்தார்.

"மூள பூட்ச்சாம்மா?"

"இல்லண்ணா. கடிச்ச விஷம் மூளைக்குள்ள போகாது, அதுக்கு நடுவுல தடுப்பு ஒண்ணு இருக்கு. கைக்கும் காலுக்கும் சேதி போற இடம்தான் மூடியிருக்கு. உள்ள அவங்க முழிச்சிட்டுதான் இருக்காங்க. நாம பேசறதெல்லாம் கேக்கும்."

"சத்தியமா?"

"சத்தியமா."

இதைச் சொல்ல எனக்கு இருந்த ஆதாரம் புத்தகம்தான். என் எலிகளின் மூளையில் நான் விஷத்தை நேரடியாகக் கொட்டுகிறேன், இங்கே அப்படி இல்லை. ஆனால் அவர் நம்பினார். உள்ளே போய்க் கட்டில் பக்கத்தில் நின்று, சுற்றிலும் பார்த்து, கூச்சத்தோடு ஆரம்பித்தார்.

"தா, இன்னா படுத்துகினே கீற? எல்லாம் கேக்குதாம்ல உனுக்கு. உன் தம்பி வந்தான். எதிர்வூட்டுக்காரி இட்லி குடுத்தா, கல்லு மாரி கீது. நீ வந்து கேளு அவள."

நர்ஸ் சிரித்தார். நானும் சிரித்தேன். அதன்பின் தினமும் அவர் அப்படி ஒரு மணி நேரம் வம்பளந்துவிட்டுப் போனார்.

என்னால் எந்த இடத்திலும் நிற்க முடியவில்லை. மயிலாப்பூரில் நான் தங்கியிருக்கும் அறையிலிருந்து காலையில் கிளம்பி, லஸ் வரை நடந்து, பஸ் வந்தும் ஏறாமல் ஆழ்வார்பேட்டை வரை நடப்பேன். ஒரு நாள் தி.நகர் போய், துணிக்கடைக் கூட்டத்தில் இந்த முனையிலிருந்து அந்த முனைவரை போய்த் திரும்பினேன். ஒன்றும் வாங்கவில்லை. கூடத்தில் கழுவாத குடுவைகள் சேர்ந்துகொண்டே போயின. அவற்றை நான் கழுவினேன், மூன்றை உடைத்தேன். இதற்கிடையில் என் ஆய்வு வழிகாட்டி அன்றைய கோப்பைத் திறந்து பார்த்துவிட்டு, "இதுவரைக்கும் வந்ததுல இதுதான் சுத்தமான ரன். கட்டுரையில இதையே போடலாம்" என்றார். அவர் சொன்னது உண்மைதான். நான் சரி என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. அது இன்னும் அந்த ஃபோல்டரில்தான் இருக்கிறது.

நான்காம் நாள் பார்வையாளர் நேரத்தில் நான் மட்டும் உள்ளே போனேன். அக்காவின் இமைகளைப் பிளாஸ்திரி போட்டு மூடியிருந்தார்கள். அவருக்குக் கேட்கும் என்று எனக்குத் தெரியும். தெரிந்ததால்தான் மூன்று நாளும் வாயைத் திறக்காமல் நின்றுவிட்டு வந்திருந்தேன். அன்று சொன்னேன். எனக்குத் தெரிந்த வழியில், வரிசையாக. எட்டு பதினைந்துக்கு இமையைப் பற்றிச் சொன்னீர்கள். எட்டரைக்கு இரண்டாகத் தெரிகிறது என்றீர்கள். எனக்கு இது என்னவென்று தெரிந்திருக்க வேண்டும், அதற்குத்தான் படிக்கிறேன். எட்டு ஐம்பத்தைந்து வரை நான் திரும்பவில்லை. திரும்பியிருந்தால் எலி வீணாகியிருக்கும். அவ்வளவுதான் காரணம்.

இயந்திரம் அவர் நெஞ்சை ஏற்றி இறக்கியது. வேறு எதுவும் நடக்கவில்லை.

ஆறாம் நாள் கட்டைவிரல் அசைந்தது. எட்டாம் நாள் புருவம். அதற்கடுத்த நாள் குழாயை எடுத்தார்கள். பொது வார்டுக்கு மாற்றியபின், ஒரு மதியம் நான் போனபோது தலையணையில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். இமைகள் பாதிதான் ஏறியிருந்தன. அதனால் எல்லோரையும் சந்தேகமாகப் பார்ப்பது போல இருந்தது. குரல் கரகரவென்று வந்தது.

"கேட்டுச்சு" என்றார்.

பையைத் தோளிலிருந்து இறக்காமலே கட்டிலருகே போனேன்.

"அவுரு பேசுனது, டாக்டருங்க பேசுனது, நீ ஒப்பிச்சது. அல்லாம். வாய தொறக்க முடில, கண்ண தொறக்க முடில. கத்தணும்னு கீது. உள்ளயே கத்திகினு கெடந்தேன்." சற்று நிறுத்தி மூச்சு வாங்கினார். "நாப்பது நிமிசம்."

"ஆமாக்கா."

"எலிக்காக."

"ஆமா."

"நா கூட, வவுறு நோவும்போது ஆஸ்பத்திரிக்கு போவாம பஸ் ஏறி வந்தேன். அது என் தப்பு. உன்னுது உன் தப்பு. ரெண்டையும் சேத்து சமம்னு போடாத."

"போடலக்கா."

"மன்னிச்சிட்டேன்னு சொன்னேன்னா நீ அத்த நோட்ல எழுதி டிக்கு அடிச்சிக்குவ. உன்ன தெரியாதா? இப்பத்திக்கு சொல்ல மாட்டேன்."

நான் தலையாட்டினேன். அங்கிருந்து கிளம்புவதா, இருப்பதா என்று தெரியவில்லை. பையின் வாரைப் பிடித்து முறுக்கிக்கொண்டு நின்றேன்.

"இன்னா முழிக்கிற? அந்த அலமாரில சீப்பு கீது, எடு. பத்து நாளா தல சிக்கு புடிச்சி கெடக்குது. அவுரு கிட்ட சொன்னா மொட்ட அடிச்சிடலாம்ன்றாரு."

கட்டிலின் பின்னால் போய் நின்றுகொண்டு, கூந்தலைக் கொத்தாக எடுத்து மேலிருந்து சீவினேன். சீப்பு பாதியில் சிக்கி நின்றது. இழுத்தேன்.

"ஸ்ஸ்! அடிலேந்து எடுக்கணும். தல சீவத் தெரியாதா? எலி வால புடிக்கிறா மாரி புடிக்கிற!"

கீழ்நுனியைப் பிடித்துக்கொண்டு மறுபடி ஆரம்பித்தேன்.

"மெதுவா" என்றார்.